செவ்வாய்க்கிழமைச் சட்டை

அந்த வீட்டு டாய்லெட் தினமும் காலையில் சிறுநீரைச் சோதித்து முடிவை வாய்விட்டுச் சொல்லிவிடும். நவீனின் மரபணுவில் ஏதோ மாற்றம் தெரிகிறதென்று போன மாதம் அதுதான் முதலில் சொன்னது. ஆஸ்பத்திரியில் சிறுநீர்ப்பையிலிருந்த கட்டியைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் அதே மாற்றம். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம்தான், பயப்பட வேண்டாம் என்றார்கள். ஒரே மாற்றம் உள்ளவர்களைச் சேர்த்து உட்காரவைத்துச் செவ்வாய்தோறும் மருந்து ஏற்றுவார்களாம்.

அவர் மனைவி கிருத்திகாவும் பயப்படவில்லை, அவரோடு மருந்து ஏற்றிக்கொள்பவர்களின் பட்டியலில் ஷர்மிளாவின் பெயரைப் பார்க்கும்வரை. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் நவீனோடு ஒரே தொட்டியில் பத்து வருடம் துணி முக்கியவள் அவள். இருவரையும் சேர்த்து ஊரே பேசிய காலம் ஒன்று உண்டு.

"ஏனுங்க, மருந்து ஏத்திக்கப் போறதுக்குப் புதுச் சட்டைதான் போடோணுமாக்கும்?"

"நீ வேற புள்ள! ஒரே சாயத்துல கெடந்தோம், அதான் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வந்துருக்குதுன்னு டாக்டரே சொல்றாரு."

ஒரே மாதிரி. முப்பத்தைந்து வருடம் கூடவே வாழ்ந்தும் தனக்கும் அவருக்கும் அப்படி ஒன்றுகூட இல்லை.

அவர் கிளம்பிப் போனதும் கிருத்திகா டாய்லெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் அது உற்சாகமாகச் சொன்னது: "எந்த மாற்றமும் இல்லை. வாழ்த்துகள்!"

அவள் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்து உட்கார்ந்தாள்.

"இப்பவாவது நல்லாப் பாரு," என்றாள்.