கொஞ்சம் குறைச்சு வைங்க

"அவருக்குத் தெரியக் கூடாது அண்ணா. தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்."

சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பட்டறைக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற பிக்கப்பைப் பார்த்தார். அவர் கைபட்ட டீசல் வண்டிகளிலேயே செல்லப் பிள்ளை அதுதான். பட்டறையின் பெயரைப் பின்கதவில் ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி வரும் விளம்பரப் பலகையும் அதுதான். அதன் சொந்தக்காரனுடைய மனைவி இவள்.

ஊரில் பட்டறைக்காரரை 'லேப்டாப்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஸ்பேனரைத் தொடுவது அபூர்வம். ஒயரைச் செருகி, வண்டியின் மூளைப் பெட்டிக்குள் நுழைந்து, டீசல் இவ்வளவு, டர்போ காற்று இவ்வளவு என்று நாலு எண்களை மாற்றுவார். நேற்றுவரை சிமெண்ட் மூட்டையோடு முனகிக்கொண்டிருந்த பிக்கப் மறுநாள் சீறிக்கொண்டு பாயும்.

"வண்டியில என்னம்மா குறை?"

"குறையே இல்ல அண்ணா. அதுதான் பிரச்சினை. இழுவையைக் கொஞ்சம் குறைச்சு வைங்க."

இருபது வருஷத்தில் லேப்டாப் கேட்டிராத பேச்சு இது. ஏற்றிக் கொடு என்று வருவார்கள். இன்னும் கொஞ்சம் ஏற்று என்று மறுபடி வருவார்கள். இறக்கிக் கொடு என்று ஒருவரும் வந்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை குவாரி மேட்டுல பந்தயம். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். மூடிக் கிடக்கும் கல்குவாரியின் செங்குத்தான மேட்டில் வருஷத்துக்கு ஒருமுறை பிக்கப் பந்தயம் நடக்கும். அவள் கணவன் மூன்று வருஷமாக அதில் முதல். ஆனால் லேப்டாப் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. தான் முறுக்கிவிட்ட எஞ்சின் அந்த மேட்டில் கதறுவதைக் கேட்கும் தெம்பு அவருக்குக் கிடையாது. எல்லாம் முடிந்தபின் போன் போட்டு, யார் முதல் என்று கேட்டுக்கொள்வதோடு சரி.

"அந்த மேட்டுல அவர் பறந்து போறதை வருஷா வருஷம் பார்க்கிறேன். வயிறு எரியுது அண்ணா. ஒரு வாரத்துக்கு முன்னாடியே தூக்கம் போயிடுது. சாப்பாடு இறங்க மாட்டேங்குது."

"நீங்களே அவன்கிட்ட எடுத்துச் சொல்லிப் பார்க்கலாமே?"

"சொன்னா சிரிக்கிறார். முடிஞ்சா என்னைத் தடுத்துப் பாருங்கிறார்."

அவள் கண்கள் கலங்கின. லேப்டாப் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது என் பேர் சம்பந்தப்பட்ட விஷயம்மா. வண்டி பின்தங்கினா ஊர் அவனைக் கேக்காது, என்னைத்தான் கேக்கும்."

"இந்த ஒரு வருஷம் மட்டும். கூடப் பிறந்த தங்கச்சி கேக்கறதா நினைச்சுக்குங்க."

தங்கச்சி என்ற வார்த்தை வேலை செய்தது. லேப்டாப் பெருமூச்சு விட்டபடி ஒயரை எடுத்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, திரையில் வரிசை வரிசையாக நின்ற எண்களைப் பார்த்தார். ஒவ்வொன்றும் அவர் பார்த்துப் பார்த்து வைத்தது. பெற்ற பிள்ளையின் காலைத் தானே கட்டிப்போடுவதுபோல் இருந்தது.

"மூட்டை ஏத்திட்டுப் போறப்போ ஒரு வித்தியாசமும் தெரியாது. மேட்டுல, மூணாவது கியர்ல, முழுசா மிதிச்சாத்தான் மூச்சு வாங்கும்."

"மேடு ஏறி முடிக்க எத்தனை செகண்ட் கூட ஆகும்?"

"நாலு செகண்ட்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு போதும் அண்ணா. ரொம்பக் குறைச்சா சந்தேகப்படுவார்."

இந்த நிலையிலும் எவ்வளவு நிதானம் என்று லேப்டாப் மனசுக்குள் மெச்சிக்கொண்டார். இரண்டு செகண்டுக்குத் தகுந்தபடி எண்களைத் தட்டி முடித்தார். அவள் கைகூப்பிவிட்டு ஏறினாள். ஆள் நடக்கவே ஒடுங்கிப் போகவேண்டிய சந்தில், ஒரே வீச்சில் ரிவர்ஸ் எடுத்துச் சிட்டாகப் பறந்தாள். பாவம், அவன் வீட்டுக்கு வருவதற்குள் வண்டியை நிறுத்தவேண்டும் என்ற பதற்றம் போலும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் யாருக்கும் போன் போடவில்லை.

திங்கட்கிழமை காலை, ஷட்டரைத் தூக்கும்போதே அவன் வந்து நின்றான். முகம் தொங்கிப் போயிருந்தது.

"ரெண்டாவதுதான் வந்தேன் அண்ணே."

"அப்படியா? டீசல்ல தண்ணி கலந்திருக்கும் தம்பி." இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்துவைத்த பதில், தடங்கல் இல்லாமல் வந்தது.

"என்னவோ தெரியல, மூணாவது கியர்ல வண்டி மூச்சு வாங்குச்சு. அரை செகண்ட்ல போச்சு. சரி, ஜெயிச்ச வண்டி யார் கை வச்சதுன்னு தெரியுமா? பஸ் ஸ்டாண்ட் கடைக்காரன்."

லேப்டாப்புக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பஸ் ஸ்டாண்ட் கடைக்காரன், இவரைப் பார்த்து லேப்டாப் வாங்கியவன். இனி ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிப்பான். ஆனாலும் அவர் அதை விழுங்கிக்கொண்டார். ஒரு பெண்ணின் கண்ணீருக்கு முன்னால் பேராவது, புகழாவது. செய்தது புண்ணியம்தான் என்று நினைத்தபோது நெஞ்சு கொஞ்சம் நிமிரவும் செய்தது.

"போகட்டும் விடு தம்பி," என்றார் அவன் தோளைத் தட்டி. "கை கால் முழுசா வந்து சேர்ந்தியே, அது போதும். நேத்தாவது உன் வீட்டுக்காரம்மா நிம்மதியாத் தூங்கியிருப்பாங்க."

"எங்க தூங்கினா? கப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தா," என்றான் அவன். "மூணு வருஷமா எனக்குப் பின்னாடியே ரெண்டாவதா வந்துட்டிருந்தவளாச்சே."