ஜன்னலுக்கு நேரே நிற்கும் ஆட்டோ

"அந்தப் பெட்டியைக் கழற்றச் சொல்லுங்க அண்ணாச்சி. அது இருக்கிறதாலதான் அந்த ஆள் இங்க வந்து நிக்கிறார்."

சிவசங்கரி கைக்குழந்தையோடு வாசலில் நின்று சொன்னாள்.

வார்டு மெம்பர் ஏசுரத்தினம் எதிரே இருந்த கரண்ட் கம்பத்தைப் பார்த்தார். ஆட்டோக்களுக்குச் சார்ஜ் போடும் பெட்டி, ஆவணியில்தான் அதில் மாட்டியது.

"கேரளா பூரா கம்பத்துல பெட்டி வைக்கிறாங்கன்னு கேட்டு, கரண்ட் ஆபீசுக்கு நடையா நடந்து வாங்கினதும்மா. கழற்றினா வண்டன்மேட்டுல இந்த மேட்டுக்கு மட்டும் திரும்ப வராது. நாளைக்கு எல்லா வண்டியும் கரண்ட் வண்டின்னு ஆகும்போது என்ன செய்வ?"

"எனக்கு நாளைக்குக் கதை வேண்டாம். இன்னைக்கு ராத்திரி நான் தூங்கணும். இவனோட அப்பா மூணாறு ரிசார்ட்ல வேலையில இருக்கார், ஞாயித்துக்கிழமைதான் வருவார். நானும் பிள்ளையும் தனியா இருக்கோம்."

"பொன்ராஜு அந்த மாதிரி ஆளு இல்லத்தா" என்றாள் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி. "ரெண்டு பொண்ணக் கட்டிக் குடுத்த மனுஷன்."

"எந்த மாதிரி ஆள்னு எனக்குத் தெரியும்க்கா. ஆடி மழையில இவனுக்கு மூச்சு இழுப்பு வந்தப்ப அவருக்குத்தான் போன் பண்ணினேன். சார்ஜ் இல்ல, வண்டி மேடு ஏறாதுன்னுட்டார். இவனைத் தூக்கிக்கிட்டு ஜங்ஷன் வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே ஓடினேன். அன்னைக்கு ஏறாத வண்டி இப்ப மட்டும் தினமும் ஏறுதே."



மெம்பர் வரச் சொல்லியிருந்த பொன்ராஜ் அப்போதுதான் வந்தார். கரண்ட் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் வந்ததே தெரிந்தது.

"ஏம்ப்பா, கீழ ஜங்ஷன்ல உன் வீட்டுப் பக்கத்துலயே பெட்டி இருக்கு. இங்க ஏறி வர்றதுக்கே பாதி சார்ஜ் தின்னுரும். பிறகென்ன இங்க வந்து போடுறது?"

"அங்க கூட்டமாக் கெடக்கும் மெம்பரே."

"ராத்திரியிலயா?"

பொன்ராஜ் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினார்.

"ராத்திரி நான் லைட் போட்டா, வண்டிக்குள்ள படுத்திருக்கிறவர் எழுந்து உட்காருறார்." சிவசங்கரி ஜன்னலைக் காட்டினாள். "அணைக்கிற வரைக்கும் எங்க ஜன்னலையே பார்க்கிறார். இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க."

ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பிய பெண்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்தி, "கட்டையில போற வயசுல" என்று முணுமுணுக்க, இன்னொருத்தி சிரித்தாள்.

பொன்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாக்குறது நெசந்தான் மெம்பரே."

ஏசுரத்தினத்துக்கு முகம் மாறிவிட்டது. "வண்டிய எடு முதல்ல. பெட்டியக் கழற்ற நான் எழுதிக் குடுத்துர்றேன்."

"பெட்டி கெடக்கட்டும். வேற யாராச்சும் வந்து போட்டா, ஒரு வண்டியாவது மேல நிக்கும். நான் வரல."

ஆட்டோ இறக்கத்தில் இறங்கி மறைந்தது. படித்த கான்வென்டில் சிஸ்டர் எப்போதும் சொன்னது போலப் பயத்தை மறைக்காமல் சொல்லிவிட்டோம் என்று சிவசங்கரிக்குத் திருப்தியாக இருந்தது.

பொழுது சாய, மழை பிடித்துக்கொண்டது. குழந்தையின் நெஞ்சில் லேசாகச் சத்தம் கேட்டது. காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தால், கம்பத்தடியில் அதே ஆட்டோ.

கதவைப் படாரென்று திறந்தாள்.

பின் சீட்டிலிருந்து ஒரு பெண் கம்பளியைத் தலையில் போட்டபடி இறங்கி வந்தாள். பொன்ராஜ் இறங்கவில்லை. ஜன்னல் கண்ணில் படாதபடி வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தார்.

"நான் ராசம்மா. இவரு சம்சாரம்."

"காலையிலதானே சொல்லி அனுப்பினேன்?"

"சொன்னாரு. நீ பயந்தது தப்பில்ல கண்ணு. இந்த மனுஷன் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். சொன்னா, அன்னைக்கு நீ கூப்பிட்டு வராததையும் சேத்துச் சொல்லணுமே, அந்த வெக்கம். பிள்ளையத் தூக்கிட்டு நீ மழையில ஓடுனதக் கேட்டதுலருந்து அவருக்கு வீட்டுல படுத்தாத் தூக்கம் பிடிக்கல. மேல வந்து சார்ஜ் போட்டுக்கிட்டு நின்னா, ஆஸ்பத்திரி வரைக்கும் இறக்கம்தானாம். உன் வீட்டுல லைட் எரிஞ்சா, பிள்ளைக்கு முடியலையோன்னு எந்திரிச்சு உக்காந்துருக்காரு."

சிவசங்கரிக்குப் பொன்ராஜின் முதுகைக்கூடப் பார்க்க முடியவில்லை. குழந்தையின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"மெம்பர்கிட்ட நான்..." என்று ஆரம்பித்தாள்.

"அது கெடக்கட்டும், நாளைக்குப் பேசிக்கலாம். ஆம்பள தனியா நின்னாத்தான உனக்குப் பயம்? மழை முடியிற வரைக்கும் நானும் வண்டியிலயே படுத்துக்கிறேன்."