வேலியோரக் குப்பை

“நல்லா பாருங்க! இது என் தோட்டமா, அவங்க வீட்டுக் குப்பைத்தொட்டியா?”

சின்னவள் போட்ட சத்தத்தில், விசாரிக்க வந்த ஊர் மரக்குழுத் தலைவர் ஓரடி பின்னால் போனார். கொத்தனார் அவர். செங்கல்லோடு பேசிப் பழகியவருக்குப் பெண்கள் சண்டை என்றால் கொஞ்சம் உதறல்தான். கூடவே வந்த மண் டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எங்கே போனாலும் முதலில் மண்ணை அள்ளிப் பார்ப்பவள் என்பதால் ஊரே வைத்த பெயர் அது.

வேலியோரமாக முழங்கால் உயரத்துக்கு வெட்டிய கிளை, பழுத்த இலை, வாழை மட்டை எல்லாம் குவிந்து கிடந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் பெரியவள் எதுவும் நடக்காத மாதிரி மிளகுக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இருவரும் அண்ணன் தம்பி பெண்டாட்டிகள். மூன்று வருஷத்துக்கு முன் பாகம் பிரித்தபோது, மரம் நிறைந்த பாதி பெரியவளுக்கும் வெறும் செம்மண் சரிவு சின்னவளுக்கும் சீட்டில் விழுந்தது. அன்றோடு பேச்சு நின்றுபோனது. ஆண்கள் இருவரும் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அரட்டை அடிப்பார்கள். வீட்டுப் பக்கம் வந்தால் மட்டும் முன்பின் தெரியாதவர்கள்.

“ஏம்மா, இதைக் கொட்டினது நீங்களா?” தலைவர் கேட்டார்.

“ஆமா, நான்தான்.”

“காத்துல வந்து விழுந்திருக்குமோ?”

“காத்துல எப்படி விழும்? கூடை கூடையா நானே கொட்டினேன். என் பக்கம் இடம் இல்ல.”

“கேட்டீங்களா திமிரை!” சின்னவள் குதித்தாள். “வாரத்துக்கு ரெண்டு தடவை! வாரி வாரி வாழைக்கும் பலாக் கன்னுக்கும் அடியில தள்ளியே என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சு.”

தலைவர் தொண்டையைக் கனைத்தார். “இந்தச் சரிவு மொத்தமும் மழையில கரைஞ்சு போகுதுன்னுதானே ஊர் கூடி இந்த ஏற்பாட்டுக்கு வந்தோம்? உசந்த மரம், நடுவுல பழ மரம், கீழ காபி, இஞ்சி. அவங்கவங்க கழிவு அவங்கவங்க தோட்டத்துலயே மக்கணும். மீறினா அந்த வருஷம் ஊர் நாற்றங்கால்ல கன்னு கிடையாது. உங்களுக்குச் சேர வேண்டிய நாப்பது ஜாதிக்காய்க் கன்னும் போச்சு. சம்மதமா?”

ஒரு வருஷமாகக் காத்திருந்த கன்றுகள். பெரியவளின் கை ஒரு நொடி நின்றது.

“சரிங்க” என்றாள்.

இதற்குள் மண் டீச்சர் வாழையடியில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, மக்கிய இலையை விலக்கினாள். கை மணிக்கட்டு வரை இறங்கியது. கறுப்பாக, ஈரமாக, மண்புழு நெளிகிற மண். நாலடி தள்ளி வெறும் தரையில் குத்திப் பார்த்தாள். நகம்கூட இறங்கவில்லை.

எழுந்து, வேலியைச் சுற்றிக்கொண்டு பெரியவளின் தோட்டத்துக்குப் போனாள்.

“என்னங்க இது, இத்தனை மரம் இருந்தும் அடியில ஒரு சருகு இல்ல? பெருக்கி விட்ட மாதிரி இருக்கு! இதுல இடம் இல்லன்னு வேற சொல்றீங்க.”

“மெதுவா பேசுங்க டீச்சர். அவ காதுல விழுந்துடப் போகுது.”

“நல்லது செய்யறதைச் சொல்லிட்டே செய்யலாமே!”

“பாகம் பிரிச்ச அன்னிக்கு, உங்க கையால ஒரு துரும்பும் வாங்க மாட்டேன்னுட்டா. ரோஷக்காரி. கொடுத்தா தொட மாட்டா. கொட்டினா, திட்டிக்கிட்டே வாரி மரத்தடியில போட்டுடுவா.” பெரியவள் குரலைத் தாழ்த்தினாள். “நிலத்தை வித்துட்டு டவுனுக்குப் போறதா இருக்கா. தரகர் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டார். மண்ணுல உசுரு வந்துட்டா மனசு மாறிடுவான்னு ஒரு நப்பாசைதான்.”

“வாங்க, தலைவர்கிட்ட சொல்லிடுவோம். கன்னாவது கிடைக்கும்.”

“வேணவே வேணாம். சொன்னா அத்தனையையும் திருப்பி என் பக்கமே கொட்டிடுவா!”

மண் டீச்சர் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பின் எட்டு நாள் பெரியவள் எதுவும் கொட்டவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் வேலிப் பக்கமிருந்து ஒரு குரல்.

“அக்கா!”

மூன்று வருஷம் கழித்துக் கேட்ட குரல். கையில் இருந்த அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினாள் பெரியவள்.

சின்னவள் ஒரு கூடையை வேலிக்கு மேலே நீட்டினாள். உள்ளே ஜாதிக்காய்க் கன்றுகள்.

“பிடிங்க. இருபது இருக்கு. என் பங்குல பாதி.”

“எனக்குத்தான் கன்னு கிடையாதுன்னுட்டாங்களே.”

“எனக்கு உண்டுல்ல? மீதி இருபதையும் நான் நடப்போறேன். தரகரையும் இனிமே இந்தப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லியாச்சு.”

பெரியவளுக்குக் கண் கலங்கியது. சிரித்துச் சமாளித்தாள். “நல்ல ஆளுடி நீ. என்மேல புகார் கொடுத்ததும் நீதான், கன்னு கொடுக்கறதும் நீதானா?”

சின்னவள் அவள் முகத்தைப் பார்க்காமல், கொடிகளைப் பார்த்துச் சொன்னாள்.

“வேற என்னக்கா பண்றது? போதும், நிறுத்துங்கன்னு நான் சொன்னா கேட்டிருப்பீங்களா? இருக்கற தழையை எல்லாம் எனக்கே கொட்டி, உங்க மிளகுக் கொடி மஞ்சளடிச்சுப் போறதை எத்தனை நாள் பார்த்துக்கிட்டு இருக்கிறது!”