திறந்தவர் பெயர்

மோகனப்பிரியாவின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள். ஷோபனாவும் தட்டினாள். சத்தம் வராமல் கை தட்டுவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும்.

ஆஸ்பத்திரியின் பதினான்கு கிளைகளுக்கும் இனி ஒரே விதி, ஒரே பொறுப்பாளர். நோயாளிகளின் விவரத்தை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், எதை எத்தனை வருடம் வைத்திருக்கலாம் என்பதெல்லாம் மோகனப்பிரியாவின் கையில். அம்பத்தூர் தலைமை அலுவலகத்தில் அவளுக்குத் தனி அறை. அதுவும் ஜன்னல் வைத்த அறை.

பதினோரு வருடம் முன்னால் இரண்டு பேரும் ஒரே வாரத்தில்தான் ஆவடி கிளையின் ரெக்கார்டு செக்‌ஷனில் சேர்ந்தார்கள். வேப்பம்பட்டிலிருந்து ஒரே ரயில், ஒரே லேடீஸ் பெட்டி.

ஆவடி குவார்ட்டர்ஸ்காரர்கள் குடும்பத்துக்கே ஒரு போன் நம்பரைத்தான் கொடுப்பார்கள். தாத்தா பெயரையே பேரனுக்கும் வைப்பார்கள். கம்ப்யூட்டர் என்ன செய்யும், இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கி வைத்திருந்தது. எழுபது வயது வேலுசாமிக்குப் போன மாதம் போலியோ சொட்டு மருந்து கொடுத்ததாக எழுதியிருந்தது.

உட்கார்ந்து உட்கார்ந்து அவர்களைப் பிரித்துப் போட்டவள் ஷோபனா. அதை அழகாக ஸ்லைடு போட்டுக் காட்டியவள் மோகனப்பிரியா.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று ஷோபனா மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அந்த அறை அவளுக்கு வரவேண்டியது.

அப்போதுதான் கம்ப்யூட்டர் பிரிவு ஜஸ்டின் எழுந்து திரை பக்கத்தில் போய் நின்றான்.

“புது ரூல்ல முக்கியமானது இதான். யார் ஃபைலை யார் தொறந்தாலும் பேரு, தேதி, எந்தப் பக்கம், எல்லாம் பதிவாகும். இத்தினி வருசமும் பதிவாகிகினுதான் கீது. நாமதான் பார்க்கல.”



ஷோபனாவின் மடியில் கனம் இருந்தது. ஊழியர்களுக்கும் வைத்தியம் இதே ஆஸ்பத்திரியில்தான். மோகனப்பிரியாவின் ஃபைலை அவள் திறந்திருக்கிறாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. காரணமில்லாமல் அடுத்தவர் ஃபைலைத் திறந்தால் வேலை போகும் என்று பத்து நிமிடம் முன்னால்தான் டைரக்டர் ஞானசேகரன் சொல்லி முடித்தார்.

“காட்டறதுக்கு ஒரு ஃபைல் வேணும். மேடத்தோடதையே எடுத்துரலாமா?” ஜஸ்டின் மோகனப்பிரியாவைப் பார்த்துச் சிரித்தான்.

“என்னோடத எடு ஜஸ்டின்,” என்றாள் ஷோபனா. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. “எனக்கு ஒளிக்க ஒண்ணுமில்ல.”

மோகனப்பிரியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் ஷோபனாவின் நம்பரைத் தட்டிவிட்டான்.

திரையில் டாக்டர்களின் பெயர்கள் வந்தன. நர்ஸ்களின் பெயர்கள் வந்தன. நடுவில் மூன்று இடத்தில் மோகனப்பிரியாவின் பெயர் வந்தது.



பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஷோபனாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வாயைத் திறக்கக்கூட வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். அந்த ஜன்னல் அறை இன்றைக்கே காலி.

‘என் ஃபைலில் அப்படி என்ன தேடினாள்?’ என்று ஷோபனா பார்த்தாள். மூன்று தடவையும் ஒரே பக்கம். ஆறு வருடத்துக்கு முன்பு எடுத்த ஸ்கேன் படம். ஷோபனாவின் மகள் ரோஷினி அதில் ஐந்து மாதக் குழந்தையாக அவள் வயிற்றுக்குள் சுருண்டு கிடப்பாள்.

வேறு எந்தப் பக்கத்தையும் மோகனப்பிரியா தொடவில்லை.

ஷோபனா பக்கத்திலிருந்த தேதிகளைப் படித்தாள். சிரிப்பு போய்விட்டது.

“என்னம்மா இது?” என்றார் ஞானசேகரன்.

மோகனப்பிரியா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான் சார் எடுக்கச் சொன்னேன்,” என்றாள் ஷோபனா. “பாப்பாவோட ஸ்கேன் படம் பிரிண்ட் வேணும்னு கேட்டிருந்தேன்.”

“மூணு தடவையா?”

“மொத ரெண்டையும் தொலைச்சிட்டேன் சார்.”

யாரோ சிரித்தார்கள். இனிமேல் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும் என்று கண்டித்துவிட்டு டைரக்டர் அடுத்த ஸ்லைடுக்குப் போனார்.

மோகனப்பிரியா நிமிர்ந்து ஷோபனாவைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. காரணம் கேட்காமலே ஷோபனா ஏன் காப்பாற்றினாள் என்பது அவளுக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை புரிந்துவிடும். அன்றைக்கு எல்லாக் கிளைகளிலும் ஃபைல் திறந்தவர்களின் பட்டியல் அவள் கைக்கு வரும். முதலில் தன் ஃபைலை யார் திறந்தார்கள் என்றுதான் பார்ப்பாள். யாராக இருந்தாலும் அதைத்தான் பார்ப்பார்கள்.

திரையில் இருந்த மூன்று தேதிகளும் மோகனப்பிரியா லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய நாட்கள். மூன்று தடவையும் காய்ச்சல் என்றுதான் ஆபீசில் சொல்லியிருந்தாள். என்ன பெரிய காய்ச்சல் என்று பார்க்கத்தான் ஷோபனா மூன்று தடவையும் அவள் ஃபைலைத் திறந்தாள்.

கரு தங்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. மூன்று தடவையும்.

‘சரி, இவளுக்கும் ஒரு குறை இருக்கிறது’ என்று அந்த மூன்று ராத்திரியும் ஷோபனா நிம்மதியாகத் தூங்கினாள்.