ராமதாஸுக்குப் பசியில்லை

“எனக்குப் பசி இல்லீங்க. ஒரு தடவ சொன்னா சொன்னதுதான்!”

சொல்லிவிட்டு ராமதாஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கல்யாணமாகி முதல் கார்த்திகைத் திருவிழாவுக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்த புது மாப்பிள்ளை அவன். பஸ் ஸ்டாண்டிலிருந்து குதிரை வண்டி வைத்து அழைத்து வர வேண்டாமா? மாமனார் ராஜமாணிக்கம் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். தேர்க் கூட்டத்தில் வண்டி கிடைக்கவில்லையாம். கௌரவம் உள்ளவன் இந்த வீட்டில் கை நனைப்பானா?

மாமியார் ஜோதியம்மாள் வந்து கெஞ்சினாள். “வடை சூடா இருக்குதுங்க மாப்ள.”

“வேணாங்க.”

மனைவி சந்திரகலா வந்தாள். “எனக்காக ஒரு வாய் சாப்பிடுங்க.”

“நான் சோத்துக்கு அலையறவன் இல்ல. இனிமே யாரும் கூப்பிடாதீங்க!”

அடுத்து மாமனாரே வந்து கையைப் பிடித்து இழுப்பார், கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு எழுந்துகொள்ளலாம் என்பது அவன் போட்டிருந்த கணக்கு. மாமனாரும் வந்தார். வாசற்படியிலேயே நின்றார்.

“சரிங்க மாப்ள. நாங்க போய்த் தேர் பாத்துட்டு வந்துர்றோம். நீங்க படுங்க.”

மூன்று பேரும் கிளம்பியே போய்விட்டார்கள்! பெண்டாட்டிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ராமதாஸுக்கு அழுகையே வந்துவிட்டது. காலை டிபனும் போச்சு, மத்தியானச் சாப்பாடும் போச்சு. சமையலறையை எட்டிப் பார்த்தான். வடை குவிந்து கிடந்தது. ஒன்று குறைந்தாலும் தெரிந்துவிடும். மானம் கப்பலேறிவிடும்.

சட்டையை மாட்டிக்கொண்டு பின்பக்கச் சந்து வழியாக நழுவினான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டல். மரத்தடுப்பை ஒட்டிய மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்து, கிசுகிசுவென்று ரெண்டு செட் பூரி சொன்னான்.

முதல் பூரியை அப்படியே சுருட்டி வாயில் திணித்தபோது, தடுப்புக்கு அந்தப் பக்கம், குடும்ப அறையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“மெதுவா தின்னுடி சந்திரா, விக்கிக்கப் போவுது.”

மாமியார்!

“காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கலையேம்மா. அவரு சாப்பிடாம வீட்ல யாரும் சாப்பிடக் கூடாதுன்னுட்டீங்க. சட்டியில கை வெச்சாலும் அவரு கண்டுபிடிச்சிடுவாரு.”

“நமக்கு ரெண்டு வேளை பசி தாங்கல. அவரப் பாரு, சொன்ன சொல்லுக்காகப் பட்டினியா படுத்துக்கினு இருக்காரு” என்றார் மாமனார். “திரும்பக் கூப்பிட்டா அந்தச் சொல்லுக்கு மரியாதை இல்லன்னுதான் நானே சும்மா வந்துட்டேன். கௌரவம்னா அது!”

ராமதாஸால் பூரியை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

“பாவம்ப்பா. அவருக்கு ரெண்டு பூரி கட்டிக்கினு போலாமா?”

“சும்மா இரும்மா. வீட்டுச் சாப்பாட்டையே தொடாதவரு, ஓட்டல் பூரியவா தொடுவாரு?”