ஆறு வேளைச் சாப்பாடு

"அங்கிள், உண்மையைச் சொல்லுங்க. ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுறீங்க?"

கேட்டுவிட்டாளே தவிர, திவ்யதர்ஷினியின் காது முழுக்கப் பின்பக்கம்தான் இருந்தது. பின்னால் லட்சுமி மேடம் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தார். நான்கு வருடப் படிப்பு, நான்கு மாத மருத்துவமனைப் பயிற்சி, எல்லாம் இந்த அரை மணி நேரத்தில் இருக்கிறது. தேறினால் டயட்டீஷியன். இல்லையென்றால் பயிற்சியை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எதிரே அப்துல் ஹமீது. சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் பஸ் ஓட்டுகிறவர். இன்றுதான் முதன்முறை பார்க்கிறாள்.

"மூணு வேளைதான்மா. டீ கூட கோசோங்தான், சீனியே கிடையாது."

"அப்ப ரெண்டு மாசத்துல நாலு கிலோ எப்படி ஏறுச்சு?"

அவர் குனிந்துகொண்டார்.

"சுகரும் ஏறியிருக்கு. இப்படியே போனா அடுத்த தடவை இன்சுலின் ஊசின்னு டாக்டர் எழுதியிருக்காரு."

"ஊசி போட்டா பஸ் எடுக்க விடுவாங்களாம்மா?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி அளந்துவிடவும் பயம். "டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன் அங்கிள்."

பின்னால் பேனா கிறுக்கும் சத்தம். நல்லதாகக் கிறுக்குகிறாரா, கெட்டதாகவா?

"ஆறு வேளை" என்றார் அப்துல் ஹமீது திடீரென்று.

"என்னது?"

"ஆறு தடவை சாப்பிடுறேன். நெய்ச்சோறு, முட்டை, பேரீச்சம்பழம், கெட்டிப் பால்ல மைலோ."

"அவ்ளோ பசிக்குதா?"

"பசியே இல்லம்மா."

"பசியில்லாம எதுக்கு? சுகரை வச்சுக்கிட்டு நாக்கைக் கட்ட முடியலையா? வீட்டுல யாரும் கேட்க மாட்டாங்களா?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. நோயாளியைக் குற்றவாளி ஆக்காதே என்பது முதல் வருடப் பாடம். பேனா சத்தம் நின்றுவிட்டது.

"குறைச்சுக்கிறேன்மா, ஓகே லா" என்று மட்டும் முனகினார் அவர்.

"டைம் முடிஞ்சுது" என்ற லட்சுமி மேடம், தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. திவ்யதர்ஷினிக்கு அழுகை முட்டியது.

கதவு சாத்தியதும் அப்துல் ஹமீது சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"என் ஒய்ஃப் பதுருன்னிசாவுக்கு கேன்சர்மா. ரெண்டு மாசம் முன்னாடி இந்த ஆஸ்பத்திரியில இருந்தப்ப இதை அவ கையில கொடுத்தாங்க. நான் அப்ப டியூட்டில இருந்தேன். சோத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்குவா. இப்ப அவளும் நாலு கிலோ ஏறிட்டா."

அவள் பிரித்துப் படித்தாள்.

'ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தனியாகச் சாப்பிட விடாதீர்கள். வீட்டில் ஒருவர் கூடவே உட்கார்ந்து அதையே சாப்பிட்டால் நோயாளியும் சாப்பிடுவார்.'

கூடச் சாப்பிடுகிறவருக்குச் சுகர் உண்டா என்று கேட்க மறந்தவளின் கையெழுத்து. கீழே பெயர்: திவ்யதர்ஷினி.

"அங்கிள்... இதை ஏன் அப்பவே காட்டலை?"

"இன்னிக்கு உங்களுக்குப் பரீட்சைன்னு நர்ஸ் சொன்னாங்க. அந்த மேடம் முன்னாடி எப்படிம்மா காட்டுறது?"