பூஜ்யத்துக்குக் கீழே ஒரு வரி

பதினேழாவது போர்ட். பிழைகள்: பூஜ்யம்.

காலையில் வந்ததும் அவன் முதலில் பார்ப்பது அதைத்தான். டீ கூட அப்புறம்தான்.

அவன் பார்த்துக்கொள்கிற ஆஸ்பத்திரி நெட்வொர்க் அறை பெயருக்குத்தான் அறை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியில் நின்றுதான் மூச்சு விடவேண்டும். உள்ளே ஒரு ஸ்விட்ச், எல்லாக் கேபிளும் வந்து சேருகிற பெட்டி. அதன் ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் ஒரு கேபிள், ஒவ்வொரு கட்டிலுக்கும். கட்டிலருகே இருக்கிற மானிட்டர், நோயாளியின் நாடித்துடிப்பை அந்தக் கேபிள் வழியாகத்தான் நர்ஸ் மேஜைக்கு அனுப்பும்; துடிப்பு தப்பினால் அங்கே அலாரம் அடிக்கும். வழியில் எது சிதைந்தாலும் ஸ்விட்ச் அதைப் பிழை என்று எண்ணி வைத்துக்கொள்ளும். யாராவது அழிக்கிறவரைக்கும் எண்ணிக்கொண்டே இருக்கும்.

பதினேழாம் கட்டில் இப்போது காலி.

அதில் படுத்திருந்தவர் ஒரு லாரி டிரைவர். வாய் சும்மா இருக்காது. இவனைப் பார்த்தாலே, கேபிளுக்கு நாடி பார்க்கிற வைத்தியரே என்று கூப்பிடுவார். வார்டே சிரிக்கும்.

ஆள் போய் இருபத்து மூன்று நாளாகிறது. குரல் போகவில்லை. ஸ்விட்சின் ஃபேன் இரைச்சலுக்கு நடுவே அது கேட்கும். வைத்தியரே.

அவன் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டான். பார்த்தால் சுவர்தான் இருக்கும்.

அன்று கதவைத் தட்டியது நர்ஸ். டிரைவர் இறந்த மதியம் மேஜையில் இருந்தவள். தூங்கிவிட்டாள் என்று ஆளாளுக்குப் பேசி, வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு விசாரணை. சீருடை இல்லாமல் யாரோ போல் இருந்தாள்.

“சத்தியமா அன்னிக்கு மேஜையில அலாரம் அடிக்கலண்ணா. லைன்ல ஏதாவது கோளாறு இருந்துச்சான்னு ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க.”

அவன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பிவைத்தான். பூஜ்யம் பேசட்டும், நாம் ஏன் பேசவேண்டும்?

அவள் முகம் வாடிவிட்டது. அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே அதை நினைத்துக் கூசியது.

அவள் போய்விடுவாள் என்று பார்த்தான். அவளோ பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டாள். வார்டு சார்ட்டில் போடுவது போலவே: அளவு, நேரம், யார். காய்ச்சலானாலும் ரத்த அழுத்தமானாலும் நேரம் போடாமல் ஒரு எண்ணை எழுதிப் பழக்கமில்லை அவளுக்கு.

முதல் கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். பிறகு திரையில் நேரத்தைத் தேடினாள். விரல் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிப் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் நின்றது.

எண்ணிக்கை கடைசியாக அழிக்கப்பட்டது. தேதி. நேரம்.

இருபத்து மூன்று நாளும் இதே பக்கத்தைப் பார்த்தவன், அந்த வரிக்கு ஒரு நாளும் கண்ணை இறக்கியதில்லை.

டிரைவர் இறந்த அதே தேதி. மதியம் 2.25.

அவர் மூச்சு நின்றது 1.40க்கு. அதைச் சார்ட்டில் எழுதியவளே அவள்தான்.

அதற்கு மூன்று நாள் முன்பு, பதினேழாம் கட்டிலின் திரை நின்று நின்று வருகிறது என்று புகார் சொன்னவளும் அவள்தான். இருக்கிற எண்ணைக் குறித்துக்கொண்டு, அழித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதுதான் முறை. அவன் பெரிய எண்ணைப் பார்த்தான், எந்தக் காலத்துப் பிழையோ என்று பக்கத்தை மூடிவிட்டான். செத்த செய்தி வந்த பிறகு திறந்தால், அதே எண் நாற்பத்தோராயிரம் ஏறியிருந்தது. கட்டில் சக்கரத்தில் நசுங்கிய கேபிளைக் கழற்றிப் புதிதாக மாட்டினான். அழிக்கிற பட்டனை அழுத்தினான். முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைத்தாயிற்று என்று நினைத்தான்.

கரண்ட் போய் வந்து தானா அழிஞ்சிருக்கும் சிஸ்டர். பொய் நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

அவள் தாளையும் பேனாவையும் அவன் முன்னால் வைத்தாள்.

“நேரம் போட்டுட்டேண்ணா. யாருங்கற எடம் மட்டும் காலியா இருக்கு.”

வைத்தியரே என்றது ஃபேன்.

அவன் பேனாவை எடுத்தான். முதல் எழுத்து கோணலாக விழுந்தது. பெயரை முழுசாக எழுதி முடித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஃபேன் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.